"ஷ்ஷ்… அப்படிக் கேக்கக் கூடாது!": உடல் வேறுபாடுகளைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசுவது எப்படி?

"சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்? கறுப்பு சிவப்பெல்லாம் பெரியவங்க பாக்குறது." இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது. இன்னொரு பக்கம், "எல்லாரும் ஒண்ணுதான், வித்தியாசம் பாக்கக் கூடாதுன்னு சொல்லி வளத்தா போதும்" என்பவர்கள். இரண்டுமே நல்ல மனதோடு சொல்லப்படுகின்றன. ஆனால் இரண்டும் தவறு. குழந்தைகள் வேறுபாட்டைப் பார்க்கிறார்கள், நாம் நினைப்பதைவிட மிகச் சீக்கிரமாகவே. பார்க்காதே என்று சொல்வதால் அவர்கள் பார்ப்பதை நிறுத்துவதில்லை. நம்மிடம் கேட்பதை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள்.

பாலர் வகுப்புக் குழந்தைகளோடு பழகுபவள் என்ற முறையில் எனக்கு இதில் அக்கறை அதிகம். மூன்று வயதில் தன் கையைக் காட்டி "என் கலர் பாரு" என்று சிரித்த பெண் குழந்தை, ஐந்து வயதில் அதே கையை மறைக்கிறாள். இடைப்பட்ட காலத்தில் அவள் தோலில் எதுவும் மாறவில்லை. மாறியது வேறொன்று. அது என்ன, எப்படி மாறுகிறது என்று புரிந்துகொண்டால் நாம் செய்ய வேண்டியதும் தானாகவே தெரிந்துவிடும்.

பார்ப்பது எப்போது தொடங்குகிறது?

2005-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியானது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்கும் மூன்று மாதக் குழந்தைகளுக்கும் வெவ்வேறு இனத்தவரின் முகப் படங்களைக் காட்டினார்கள். பச்சைக் குழந்தைகள் எல்லா முகங்களையும் ஒரே மாதிரிதான் பார்த்தன. மூன்று மாதக் குழந்தைகளோ, தம்மைச் சுற்றி இருப்பவர்களின் முகத்தைப் போன்ற முகங்களைக் கூடுதல் நேரம் பார்த்தன. இதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழகிய முகத்தை அடையாளம் கண்டுகொள்ளும் பழக்கம், அவ்வளவுதான். ஆனால் முகத்துக்கு முகம் உள்ள வேறுபாடு அந்த வயதிலேயே கண்ணில் படத் தொடங்கிவிடுகிறது என்பதற்கு இது போதுமான சான்று.

பேச்சு வந்த பிறகு கேள்விகள் வரும். "தாத்தாவுக்கு ஏன் தலையில முடி இல்ல?" "அந்த அக்கா ஏன் குண்டா இருக்காங்க?" "இந்தப் பையன் ஏன் காதுல மெஷின் மாட்டியிருக்கான்?" யானைக்கு ஏன் மூக்கு நீளம் என்று கேட்கும் அதே குரலில்தான் குழந்தை இவற்றையும் கேட்கிறது. அந்தக் குரலில் ஏளனம் இல்லை. வெட்கப்படுவதும் முகம் சிவப்பதும் பக்கத்தில் நிற்கும் நாம்தான்.

பிரித்து வைப்பது தவறில்லை

குழந்தையின் மனம் எதைப் பார்த்தாலும் பிரித்து வைக்கும். நாய் ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம். தாடி வைத்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள், பெரியவர்கள், பாப்பாக்கள். இதற்கு வகைப்படுத்தல் என்று பெயர். ஒன்றுபோலத் தெரிவதை ஒன்றாகச் சேர்ப்பதும் வேறாகத் தெரிவதைத் தனியே வைப்பதும்தான் அது. அடுக்களையில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு ஓர் அறையில், சீரகம் ஓர் அறையில், வெந்தயம் ஓர் அறையில். தனித்தனியாக இருக்கின்றனவே தவிர, கடுகு கறுப்பாக இருப்பதால் சீரகத்தைவிட மட்டம் என்று யாரும் சொல்வதில்லை. குழந்தையின் மனதும் முதலில் அப்படித்தான் அறை அறையாகப் பிரிக்கிறது. எது உசத்தி, எது மட்டம் என்ற எண்ணம் பிறகு வந்து சேருவது. அதைக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலும் வெளியிலும் இருக்கும் பெரியவர்கள்.

சேர்க்கிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் சேர்த்துவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் ரெபேக்கா பிக்லரும் சக ஆய்வாளர்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கோடைக்கால வகுப்புக்கு வந்த தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு நீலச் சட்டை, பாதிப் பேருக்கு மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் சட்டை நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. மற்ற வகுப்புகளில் நிறத்தைச் சொல்லியே எல்லாம் நடந்தது: நீலச் சட்டைக்காரர்கள் இங்கே வரிசையில் நில்லுங்கள், மஞ்சள் சட்டைக்காரர்கள் அங்கே உட்காருங்கள். எந்த நிறம் நல்லது என்று எந்த ஆசிரியரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் சில வாரங்களில், நிறம் சொல்லிக் கூப்பிடப்பட்ட குழந்தைகள் தங்கள் நிறத்தவர்களே மேல் என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். கண்டுகொள்ளாத வகுப்புகளில் அந்த எண்ணம் வளரவில்லை.

இப்படி ஆளைப் பார்க்காமல் அவர் சேர்ந்த வகையைப் பார்த்து மதிப்புப் போடுவதைத்தான் பாரபட்சம் என்கிறோம். பெரியவர்கள் ஒரு வேறுபாட்டைச் சொல்லிச் சொல்லி ஆளைக் குறித்தாலே போதும், ‘இது ஏதோ முக்கியமான விஷயம்’ என்று குழந்தை முடிவு செய்துகொள்கிறது. சட்டை நிறத்துக்கே இப்படி என்றால், நாள் முழுக்கக் காதில் விழும் தோல் நிறத்துக்குக் கேட்கவா வேண்டும்?

தன்னையே மட்டமாக நினைக்கும் இடம் வரைக்கும் இது போகும். 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்தார்கள். நிறத்தைத் தவிர அவற்றில் வேறு வித்தியாசம் கிடையாது. எது நல்ல பொம்மை என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்தன. கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனித்தனிப் பள்ளி என்ற முறை செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வையும் சுட்டிக்காட்டியது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வேறுபாட்டைக் கவனிப்பதும் பிரித்து வைப்பதும் குழந்தையின் இயல்பு. உசத்தி, மட்டம் என்பது வெளியிலிருந்து வருவது.

நம் வீட்டில் அது எப்படி நுழைகிறது?

"காபி குடிச்சா கறுத்துப் போயிடுவ." நான்கு வயதுக் குழந்தை டம்ளரைத் தொட்டதும் இதைச் சொல்லாத வீடு குறைவு. காபி குடிப்பதால் யாரும் கறுப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் குழந்தைக்கு அதில் கிடைக்கும் பாடம், சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் கிடைக்கும் தண்டனைதான் கறுப்பு என்பது. அப்படியானால் ஏற்கெனவே கறுப்பாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பையன் என்ன தப்பு செய்தான்? குழந்தையின் தர்க்கம் நேராக அங்கேதான் போகும். "காபி குடிச்சா ராத்திரி தூக்கம் வராது" என்று உண்மையைச் சொன்னாலே போதுமே. "வெயில்ல ஆடாத, கறுத்துடுவ" என்பதற்குப் பதிலாக "வெயில் ரொம்ப சுடுது, தலை வலிக்கும், நிழல்ல விளையாடு" என்று சொல்லலாம்.

சோறு ஊட்டும்போது தெருவில் போகும் யாரோ ஒருவரைக் காட்டி, "சாப்புடலன்னா அந்த தாடிக்காரர் புடிச்சிட்டுப் போயிடுவாரு" என்கிறோம். அவர் பெரும்பாலும் கறுத்தவராக, கிழிந்த உடை உடுத்தியவராக, அல்லது காலைச் சாய்த்து நடப்பவராக இருப்பார். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் எடை எவ்வளவு என்று கேட்ட கையோடு "புள்ள கலரா?" என்றும் கேட்கிறோம். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பது பாராட்டுத்தான். ஆனால் கறுப்பு ஒரு குறை என்று ஒப்புக்கொண்ட பிறகு கிடைக்கும் பாராட்டு. குண்டு, நெட்டை, சோடாபுட்டி, பல்லன் என்ற பட்டப் பெயர்களெல்லாம் செல்லமாகத் தொடங்கி ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்கின்றன. சினிமா நகைச்சுவைக் காட்சிகளில் ஒருவரின் பல்லையும் நிறத்தையும் சொல்லிக் கிண்டல் செய்வதைப் பார்த்து வீடே சிரிக்கும்போது, அர்த்தம் புரியாத குழந்தையும் சேர்ந்து சிரிக்கிறது. எதற்குச் சிரிக்க வேண்டும் என்பதைத்தான் அப்போது அது கற்றுக்கொள்கிறது.

சந்தையும் தன் பங்கைச் செய்கிறது. 1975-ல் இந்தியக் கடைகளுக்கு வந்த புகழ்பெற்ற சிவப்பழகு கிரீம் ஒன்று 2020-ல்தான் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்தது. மூன்று தலைமுறைப் பெண்கள் அந்த விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். இதை எதிர்த்து 2009-ல் சென்னையிலிருந்தே ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கம் கிளம்பியதும் நாம் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டியது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வழி, நம் மௌனம். பேருந்தில் ஒற்றைக் காலோடு ஊன்றுகோல் வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்துக் குழந்தை உரக்கக் கேட்கிறது. நாம் வாயைப் பொத்துகிறோம், "ஷ்ஷ்!" என்கிறோம், கண்ணை உருட்டுகிறோம். அந்த மனிதரிடம் பேசக்கூடாத, பார்க்கக்கூடாத, பயப்பட வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்பதுதான் குழந்தைக்குப் போய்ச் சேரும் செய்தி. "ஐயோ, பாவம்டா கண்ணு" என்று உச்சுக் கொட்டுவது இன்னும் மென்மையாகத் தெரியலாம். ஆனால் அதுவும் அவரை நமக்குக் கீழே ஒரு படியில் உட்கார வைத்துவிடுகிறது.

தோலின் நிறம் எங்கிருந்து வருகிறது?

குழந்தைக்கு உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் சில சிறப்புச் செல்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்கின்றன. செய்ததைச் சுற்றியுள்ள தோல் செல்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரு நிறச் செல் ஏறத்தாழ 36 செல்களுக்குக் கொடுக்கிறது. போய்ச் சேர்ந்த மெலனின் அந்தச் செல்லின் உட்கருவுக்கு மேலே குவிந்து, உள்ளே இருக்கும் மரபணுப் பொருளைச் சூரியனின் புற ஊதாக் கதிர் தாக்காமல் மறைக்கிறது.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இந்த நிறச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை மெலனின், அது செல்லுக்குள் எப்படிப் பரவியிருக்கிறது என்பவற்றில்தான் வேறுபாடு. அளவைத் தீர்மானிப்பவை பல மரபணுக்கள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் மாநிறமாகவும் தங்கை நல்ல கறுப்பாகவும் இருப்பது இதனால்தான். கர்ப்பிணி குங்குமப்பூ சாப்பிட்டால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதில் உண்மை இல்லை. மரபணுக்கள் கரு உருவாகும்போதே முடிவாகிவிடுகின்றன. பிறந்த பிள்ளையின் நிறம் முதல் சில மாதங்களில் மெல்ல மாறித் தன் இயல்பான நிறத்துக்கு வருவதும் வழக்கமானதே. கடலைமாவு தேய்க்காததால் நேர்ந்தது என்று தாயைக் குறை சொல்ல அதில் எதுவுமில்லை.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் புற ஊதாக் கதிர் கடுமையாக விழுகிறது. அது தோலைச் சுடுவதோடு, கருவின் வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட் என்ற சத்தையும் சிதைக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு மெலனின் மிகுந்த தோல் அமைந்தது. வெயில் குறைந்த வடக்கே, கிடைக்கும் கொஞ்சம் வெயிலை வைத்தே தோல் வைட்டமின் டி செய்ய வேண்டியிருந்ததால் வெளுத்த தோல் அமைந்தது. நீனா ஜப்லான்ஸ்கி, ஜார்ஜ் சாப்ளின் என்ற ஆய்வாளர்கள் 2000-ல் உலகின் புற ஊதாக் கதிர் அளவையும் மக்களின் தோல் நிறத்தையும் ஒப்பிட்டு இந்தத் தொடர்பைக் காட்டினார்கள். தமிழ்நாடு இருப்பது 8 டிகிரிக்கும் 13½ டிகிரிக்கும் இடைப்பட்ட வட அகலக்கோட்டில். இந்த வெயிலுக்கு ஏற்ற தோல் நம் தோல்.

ஐந்து வயதுக்கு இவ்வளவும் வேண்டாம். "உன் தோலுக்குள்ள மெலனின்னு ஒண்ணு இருக்கு. வெயில் உன்னைச் சுடாம அது பாத்துக்குது. உனக்கு நிறைய இருக்கு, மீனுக்குட்டிக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கு." இது போதும். ‘அதனால நீதான் உசத்தி’ என்று மறுபக்கம் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற வேறுபாடுகள்

தோலில் திட்டுத் திட்டாக வெள்ளை விழுவது வெண்புள்ளி. உடலின் எதிர்ப்பாற்றலே நிறச் செல்களைத் தவறாகத் தாக்குவதால் அந்த இடத்தில் மெலனின் இல்லாமல் போகிறது. அது தொழுநோய் இல்லை, தொட்டால் ஒட்டாது, மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்ததும் இல்லை. உதட்டுப் பிளவு, கரு வளரும் முதல் இரண்டு மாதங்களில் முகத்தின் இரு பக்கமும் முழுதாகச் சேராமல் போவதால் வருவது. கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுருட்டை முடி, மயிர்க்கால்களின் வடிவத்தைப் பொறுத்தது. பத்தில் ஒருவர் இடது கைக்காரர்.

இந்த விளக்கங்கள் ஏன் முக்கியம் என்றால், மூன்று முதல் ஆறு வயதுக்குள் குழந்தைகள் காரணங்களைத் தாமே கற்பனை செய்துகொள்வார்கள். அழுக்குதான் கறுப்பு, தேய்த்தால் போய்விடும். அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் கால் இப்படி ஆகிவிடும். அவன் பொய் சொன்னதால் சாமி கண்ணைக் குத்திவிட்டது. கேலி என்று நாம் நினைப்பதில் பாதி, வெளியே சொல்லத் தெரியாத பயம்.

கேட்கும்போது என்ன சொல்வது?

மறுபடி பேருந்துக்கே வருவோம். "அந்த மாமாவுக்கு ஏன் ஒரு கால் இல்ல?"

"ஆமா, அவருக்கு ஒரு கால்தான். கையில கட்டை வச்சிருக்காரு பாத்தியா, அதை வச்சு நடக்குறாரு." நாம் சொல்வது குழந்தை கண்ணால் பார்த்ததை ஆமோதிக்க வேண்டும், வழக்கமான குரலில் இருக்க வேண்டும், பொய் கலக்கக் கூடாது. மேலும் கேட்டால், "ஏன்னு எனக்குத் தெரியல. அதைச் சொல்லணுமா வேண்டாமான்னு அவர்தான் முடிவு பண்ணணும்" என்று சொல்லலாம். அந்த மனிதர் நம் பக்கம் திரும்பினால் தலையசைத்து ஒரு புன்னகை. "எனக்கும் அப்படி ஆயிடுமா?" என்ற கேள்வி வாயில் வராவிட்டாலும் மனதில் இருக்கும். "இது ஒட்டுற வியாதி இல்லடா" என்று நாமே சொல்லிவிடுவது நல்லது.

வேறுபாட்டோடு நின்றுவிடாமல் அந்த ஆளையும் காட்டுங்கள். காது கேட்கும் கருவி மாட்டியிருக்கும் சிறுமிக்கும் நம் பிள்ளைக்கும் ஒரே கார்ட்டூன் பிடிக்கலாம், இருவருக்குமே பாகற்காய் பிடிக்காமல் இருக்கலாம். சேர்ந்து விளையாடினால் இதெல்லாம் தானே தெரியவரும். நாம் செய்ய வேண்டியது, சேர்ந்து விளையாட விடுவதுதான்.

ஒரு டப்பா வண்ணம்

நம்மூர் கிரையான் டப்பாவில் இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றை ‘ஸ்கின் கலர்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் அதுபோன்ற தன் வண்ணத்துக்கு வைத்திருந்த ‘ஃபிளெஷ்’ (சதை) என்ற பெயரை 1962-லேயே ‘பீச்’ என்ற பழத்தின் பெயராக மாற்றியது. 2020-ல் வெவ்வேறு தோல் நிறங்களில் 24 கிரையான்கள் கொண்ட பெட்டியையும் கொண்டுவந்தது. அந்தப் பெட்டிக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்ற நான்கு போஸ்டர் கலர் போதும்.

வகுப்பில் இதைச் செய்வோம். ஒரு பழைய தட்டில் சிவப்பையும் மஞ்சளையும் கலந்து, ஒரு சொட்டு நீலம் விட்டால் பழுப்பு வரும். குழந்தை தன் புறங்கையைத் தட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். "இன்னும் மஞ்சள் வேணும் மிஸ்." கொஞ்சம் விடுவோம். "இப்ப ரொம்ப மஞ்சளாயிடுச்சு." மறுபடி சிவப்பு. ஒரு பையன் அவசரத்தில் நீலத்தைக் கொட்டிவிட்டு, தட்டையும் தன் முட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "மிஸ், இது என் முட்டி கலர்!" கையின் நிறம் வேறு, முட்டியின் நிறம் வேறு, உள்ளங்கையில் மெலனின் மிகக் குறைவு என்பதால் அங்கே இன்னொரு நிறம் என்று அன்றைக்கு வகுப்பு முழுவதும் தன்னைத்தானே ஆராய்ந்தது. கலந்து முடித்த நிறத்துக்குக் குழந்தைகளே பெயர் வைப்பார்கள்: பனங்கருப்பட்டி, புளி, கடலைமிட்டாய், இஞ்சி டீ. யாருடைய தட்டிலும் வெறும் கறுப்போ வெறும் வெள்ளையோ வந்ததில்லை. வீட்டில் பாட்டியையும் சேர்த்துக்கொண்டு செய்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

சொந்தப் பிள்ளையே கேலிக்கு ஆளானால்

"என்னை எல்லாரும் கருவாயன்னு கூப்புடுறாங்க" என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால் பதறிப்போய், "நீ ஒண்ணும் அவ்வளவு கறுப்பில்ல கண்ணு" என்று சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். கறுப்பாக இருந்தால் அவர்கள் கேலி செய்தது சரிதான் என்று அதற்குப் பொருளாகிவிடும். "விடு, கண்டுக்காத" என்பதும் உதவாது. வலித்ததால்தானே நம்மிடம் வந்திருக்கிறது.

முதலில் முழுக்கக் கேளுங்கள். "அப்படிக் கூப்பிட்டா வலிக்கத்தான் செய்யும். அவங்க செஞ்சது தப்பு. உன் கலர்ல தப்பு ஒண்ணுமில்ல." பிறகு, அடுத்த முறை சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைப் பழக்கிக் கொடுங்கள்: "என் பேரைச் சொல்லிக் கூப்பிடு." நின்று, நேராகப் பார்த்து, கத்தாமல் சொல்ல வேண்டும். வீட்டில் அப்பா கேலி செய்பவராக நடிக்க, பிள்ளை சொல்லிப் பார்க்கட்டும். நாலைந்து முறை சொன்னதும் குரல் திடமாவதை நீங்களே கவனிக்கலாம். ஆசிரியரிடம் பேசும்போது ‘யார் சொன்னது’ என்று ஒரு குழந்தையைத் தேடிப் பிடிக்கச் சொல்லாமல், வகுப்பில் பட்டப் பெயரே கூடாது என்ற விதியைக் கேளுங்கள். கேலி செய்த குழந்தையும் அந்தப் பெயரை எங்கோ கேட்டுத்தான் வந்திருக்கிறது.

கேலி வீட்டுக்குள்ளேயே, அத்தையிடமிருந்தோ பெரியப்பாவிடமிருந்தோ வந்தால் பலர் வாயை மூடிக்கொள்கிறோம். சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் காதில் விழும்படி, மரியாதையாக, அங்கேயே சொல்லிவிட வேண்டும்: "அவளை நிறம் சொல்லிக் கூப்புடாதீங்க அத்தை. அவளுக்கு அழகா ஒரு பேரு வச்சிருக்கோம்ல."